மூன்று பூச்சு வெள்ளை

ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் அதைக் கேட்பதில்லை, தடவிப் பார்க்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கடையில் நின்று பார்த்துவிட்டேன். மரத்தின் மேல் விரலை ஓட்டுவார்கள். முன்பக்கத் துணியை லேசாக அமுக்குவார்கள். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். தலை சாய்ந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு பாட்டுப் போட்டுக் காட்டுவதெல்லாம், கை கழுவியவரிடம் உப்பு போதுமா என்று கேட்பதுபோல, ஒரு மரியாதைக்குத்தான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு ஸ்பீக்கர் நாளைக்கு ஒரு மணி நேரம் பாடும், மீதி இருபத்து மூன்று மணி நேரமும் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற நேரத்துக்கும் அது பதில் சொல்ல வேண்டாமா? ஆள் பாதி, ஆடை பாதி என்பது ஸ்பீக்கருக்கும் சேர்த்துத்தான். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லியே விற்றிருக்கிறேன். அவர்களிடம் நான் பொய் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் மேசையில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருப்பது என் வீட்டு ஹால் சுவரில் இருந்த ஸ்பீக்கரின் மூடி. கிரில் என்போம். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத் தகடு, முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் சத்தம் வெளியே வரும். முதலில் அது கறுப்பாக இருந்தது. வெள்ளை அடித்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஏன் அடித்தீர்கள் என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். பார்க்க நன்றாக இல்லை, அதனால் அடித்தேன் என்று மூன்று முறையும் சொன்னேன். உங்களுக்கு அது போதவில்லை. சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. பாடுகிறவர் மூச்சை இழுக்கிற சத்தத்தை வைத்தே அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர் சமையலறைப் பக்கம் காதைத் திருப்பி, உங்கள் ஃபிரிட்ஜ் இன்னும் மூன்று வாரம் தாங்காது என்றார். தாங்கவில்லை. அந்தக் காதுக்காகவே அவரைப் பெரிய பெரிய ஆட்கள் தேடி வந்தார்கள். எனக்கு அப்படிக் காது கிடையாது என்பது அவருடைய தீர்ப்பு. கடைக்கு வரும்போதெல்லாம் அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்வார்.

"இவன் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியவன். வழி தவறி இங்க வந்துட்டான். ஸ்பீக்கரக் கேட்டீங்கன்னா மடிச்சுப் பையில போட்டுக் குடுப்பான்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் சொல்கிற விதம் அப்படி. அதில் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். நானும் தேடிப் பார்த்தேன், இல்லை.

மூன்றரை வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறிப்போயிற்று. தொண்டையும் பாதி வேலை செய்யவில்லை. சளி அடைத்துக்கொண்டால் அவரால் தானாக வெளியே தள்ள முடியாது. தூக்கி உட்காரவைத்து, இடதுபுறம் சாய்த்து, ஒரு சின்ன மெஷினின் குழாயை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் மனைவிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். "ரெண்டு நிமிஷத்துக்குள்ள போயிட்டீங்கன்னா பயமே இல்லம்மா" என்றார். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கும் அது நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் அவருக்குக் கொடுத்த அறை பின்கோடியில் இருந்தது. அங்கிருந்து இருமினால் முன்னால் கேட்காது. அதற்கு அவரே ஒரு வழி சொன்னார். கட்டிலுக்கு மேல் ஒரு மைக், சுவருக்குள் ஒரு வயர், ஹாலில் சமையலறை வாசலை ஒட்டிச் சுவரில் ஒரு ஸ்பீக்கர். எங்கள் கடை மெக்கானிக் வந்து பொருத்தினான். கையில் எப்போதும் பற்றவைக்கிற ஈயக்கம்பியோடு திரிவதால் அவனை எல்லாரும் ஈயம் என்றுதான் கூப்பிடுவோம். நான் கடையிலிருந்து அழகாக ஒன்று எடுத்து வந்திருந்தேன். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரைக் காட்டி, மனிதக் குரலுக்கு இதுதான் என்று கை ஜாடையில் சொல்லிவிட்டார். அதன் மூடிதான் இந்தக் கறுப்புத் தகடு.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்கு வாய் வந்தது. அவர் மூச்சு விடுவது, போர்வையை இழுப்பது, தொண்டையைச் செருமுவது எல்லாம் ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலக் கேட்கும். இடது கையில் ஒரு ஸ்பூன் வைத்திருப்பார். ஆள் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. என் மனைவி ஓடுவாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள், ஈரக்கையோடு ஓடுவாள், தலை துவட்டிக்கொண்டே ஓடுவாள். மூன்று வருடத்தில் அவள் ஒரு டீயைச் சூடாகக் குடித்து நான் பார்க்கவில்லை.

கடையில் புதிதாக ஏதாவது வந்தால் முதலில் அவளுக்குத்தான் போட்டுக் காட்டுவேன், கல்யாணமான நாளிலிருந்து அது பழக்கம். இப்போது பாட்டுப் போட்டால் அவள் முகம் பாட்டுப் பக்கம் இருக்கும், காது சுவர்ப் பக்கம் இருக்கும். பாதியில் கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொல்லுவாள். கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லங்க, மாமா பெரண்டு படுக்கிறாரு" என்பாள். நீ இப்படியே போனால் படுத்துவிடுவாய் என்று ஒரு நாள் சொன்னேன்.

"அவரு என்ன வேணும்னேவா கூப்பிடறாரு? முடியாமத்தான கூப்பிடறாரு" என்றாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்தது அத்தனையும் அவளுக்காகத்தான்.

சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து கேட்டைத் திறந்தால், என் செருப்புச் சத்தம் அண்ணனுக்குப் பின்கோடியில் கேட்டுவிடும். நான் ஹாலுக்குள் காலை வைக்கும்போது சுவரிலிருந்து "ஜவுளிக்கடை" என்று குரல் வரும். மற்ற எல்லாம் குழறினாலும் அந்த ஒரு வார்த்தை தெளிவாக வந்துவிடும். சமையலறையில் என் மனைவி சிரிப்பாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான். தினமும்.

பிறகு முதலாளி ஒரு யோசனை சொன்னார். கடையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் கடைச் சாமான் மாதிரி இருக்கிறது, ஒரு வீட்டில் எப்படி நிற்கும் என்று காட்டினால் வாங்குவார்கள், உங்கள் ஹாலிலேயே ஒரு செட் வைக்கலாமே என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்தது எனக்கு. ஹால் முழுக்க வெள்ளை அடித்தேன். ஒல்லியாக, இடுப்புயர வெள்ளை ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை நிறுத்தினேன். ஒரு வயர்கூட வெளியே தெரியாது. உங்கள் மேசையில் இந்த ரெக்கார்டரின் வயர் தொங்குகிறதே, அப்படி ஒரு காட்சியை என் ஹாலில் நீங்கள் பார்க்க முடியாது. எல்லாம் முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். வெள்ளைச் சுவரில் அந்தக் கறுப்பு வட்டம் மட்டும் சட்டி வைத்து எடுத்த கரிபோல இருந்தது. பார்க்க வந்த முதல் ஆளே அது எக்ஸாஸ்ட் ஃபேனா என்று கேட்டார்.

கிரிலுக்கு வண்ணம் அடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சுவரிலிருந்து கழற்ற வேண்டும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய துணியை உரித்து எடுக்க வேண்டும். தூரத்தில் நிறுத்தி ஸ்ப்ரேயில் பனிபோலத் தூவ வேண்டும், ஒரே ஒரு பூச்சு. காய்ந்ததும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஓட்டைகள் எல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரிய வேண்டும். ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் ஊசியால் குத்தித் திறக்க வேண்டும். கடையில் வேலைக்குச் சேரும் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான். ஈயத்துக்கும் நான்தான் சொன்னேன்.

என் வீட்டில் நான் அதைக் கழற்றவில்லை. சுவருக்கு அடித்த அதே கெட்டிப் பெயிண்டில் ரோலரை முக்கி, சுவரோடு சுவராக உருட்டினேன். முதல் பூச்சில் கறுப்பு தெரிந்தது. இரண்டாவதில் மறைந்துவிட்டது. மூன்றாவது எதற்கு என்று கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

என் மனைவி ரோலரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சத்தம் கொறைஞ்சுடாதாங்க?" என்றாள்.

"பெயிண்ட்தானம்மா. அதெல்லாம் கொறையாது" என்றேன். அது பொய்தான். ஆனால் அவள் வாடிக்கையாளர் இல்லை.

அடுத்த மூன்று நாளும் வீடு அமைதியாக இருந்தது. அவள் அரை மணிக்கு ஒரு தடவை தானாகவே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள், அதனால் ஒன்றும் ஆகவில்லை. "மாமா இப்பல்லாம் நல்லாத் தூங்குறாருங்க. சத்தமே இல்ல" என்று சொன்னாள். சோபாவில் உட்கார்ந்து ஒரு டீயை முழுதாகக் குடித்தாள். நான் ஒரு பாட்டுப் போட்டேன். கடைசிவரை கேட்டாள். கையைத் தூக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாலாவது நாள் சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பல் டாக்டரம்மாவும் அவர் கணவரும் வீட்டுக்கு செட் பார்க்க வந்தார்கள். மனைவி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள், அங்கே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஹால் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். அவர் கணவர் சோபாவின் ஓரத்தில், சுவரை ஒட்டி உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேல் ஒன்றரையடி உயரத்தில் இந்த மூடி. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் பாட்டுப் போட்டேன். மெதுவான பாட்டு, ஒரு பெண் குரலும் ஒரு வீணையும் மட்டும்.

பாதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து என்னைப் பார்த்தார்.

"பின்னாடி யாரோ டக் டக்குன்னு தட்டுறாங்களே. தாளமா?"

"உங்களுக்குக் கேக்குதா சார்?"

"மெதுவா. மூணு மூணா."

"அது கேக்குதுன்னா நல்ல காது சார் உங்களுக்கு. சாதாரண செட் வச்சிருக்கற வீட்ல இதெல்லாம் கேக்காது" என்றேன்.

அவருக்குப் பெருமையாக இருந்தது. டாக்டரம்மாவைப் பார்த்து, கேட்டாயா என்று தலையை ஆட்டினார். பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று நான் வால்யூமைக் கொஞ்சம் கூட்டினேன். டாக்டரம்மா இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்தார்.

என் மனைவி டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அண்ணனுக்கான டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். டம்ளர் விழுந்த சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது அவள் அவரைத் தூக்கி உட்காரவைத்து, இடதுபுறம் சாய்த்து, குழாயை வைத்து எல்லாம் முறையாகச் செய்துகொண்டிருந்தாள். முறையாகத்தான் செய்தாள். அண்ணன் கையில் ஸ்பூன் அப்படியே இருந்தது. விரல்களைப் பிரித்து நான்தான் எடுத்தேன்.

டாக்டர் வந்து, தொண்டை அடைத்து உயிர் போயிருக்கிறது, இப்படிப்பட்டவர்களுக்கு நடப்பதுதான் என்று எழுதிக் கொடுத்தார். யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. என் மனைவியின் அக்கா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "மூணு வருஷம் கண்ணுல வச்சுப் பாத்துட்டுக் கடைசியில கோட்ட விட்டுட்டியேடி" என்று அழுதாள்.

"எனக்குக் கேக்கலக்கா" என்றாள் இவள். அதையே வருகிறவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். ஒரு மாதத்துக்குப் பிறகு, எனக்குக் காது போய்விட்டது, அதனால்தான் மாமா போய்விட்டார், என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றாள். கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றைக்கூட அவள் விடவில்லை. காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "இருபது வயசுப் பொண்ணு காதும்மா உங்களுக்கு" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்ப எனக்குக் கேட்டிருக்கணுமேங்க. கேட்டும் நான் போகலையா? சலிச்சுப்போய் இருந்துட்டேனா?"

அந்தப் படியில் நான் சொல்லியிருக்கலாம். விதி, விட்டுத் தள்ளு என்று சொன்னேன். அதன் பிறகு நாலு மாதம், தினமும் அவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். நான் பாட்டுப் போட்டால் எழுந்து போய்விடுவாள்.

நேற்று ஈயம் வந்தான். மைக்கையும் மற்றதையும் கழற்றிக் கொண்டுபோகச் சொல்லி நான்தான் கூப்பிட்டிருந்தேன். ஹாலுக்குள் வந்தவன் ஸ்பீக்கர் எங்கே என்று தேடினான், தேடுகிற அளவுக்கு அது சுவரோடு சுவராக இருந்தது. விளிம்பைக் கத்தியால் கீறிக் கழற்றினான். கழற்றியவன், பழக்கதோஷம், அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"அண்ணே, இது யாரு அடிச்சது?"

"நான்தான்."

"உங்களுக்கா தெரியாது?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என் மனைவி எழுந்து வந்து அதை வாங்கி அவளும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தன தடவ அடிச்சீங்க?"

"மூணு."

அவள் அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. இங்கே ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள்.

சரி, மூன்றாவது பூச்சு. இரண்டாவது காய்ந்ததும், மனைவி மளிகைக்கடைக்குப் போயிருந்த நேரம், ஒரு சின்ன ரேடியோவை எடுத்துப்போய் அண்ணன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஹாலுக்கு வந்து சமையலறை வாசலில், அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று கேட்டேன். கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல இன்னும் வந்துகொண்டிருந்தது. ரோலரை மறுபடி முக்கினேன். மூன்றாவது காய்ந்த பிறகு அதே ரேடியோ, அதே வாசல். ஒன்றுமே வரவில்லை. ரோலரைக் கழுவி வைத்தேன்.

ரேடியோவைத் திரும்ப எடுக்கப் போனபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் சிரித்தது. அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, ரேடியோவை வைத்துவிட்டு ஹாலில் போய் ஒருவன் நிற்கிறான் என்றால் என்ன செய்கிறான் என்று தெரியும். "பரவால்லடா" என்றார், ஒவ்வொரு எழுத்தாக. "டெஸ்ட்... பண்ற. காது... வந்துடுச்சு." என் ஐம்பது வயதில் முதல் தடவையாக அவர் என்னைப் பாராட்டினார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் கேட்டதா என்று இன்னும் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கேட்டது. குரலை, இருமலை, மூச்சைப் பெயிண்ட் அடைத்துவிடும். ஸ்பூனையும் இரும்புக் கம்பியையும் முழுக்க அடைக்க முடியாது, அதை நான் டெஸ்ட் பண்ணவில்லை. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. வால்யூமைக் கூட்டுவதற்கு முன்னால் ஐந்து முறை எண்ணினேன். அவர் அறைக்குப் பதினெட்டுக் காலடிதான். வாடிக்கையாளரை விட்டுவிட்டு நடுவில் எழுந்து போனால் நன்றாக இருக்காது.

போன வாரம் அந்த டாக்டரம்மாவின் கணவர் போன் செய்தார். வெள்ளை ஜோடி அவர்கள் வீட்டுக்குப் போய் நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்களாம், ஹாலே மாறிவிட்டதாம். ஆனால் ஒரு சின்னக் குறை என்றார்.

"உங்க வீட்ல போட்டீங்களே, அதே பாட்டத்தான் போடறேன். பின்னாடி அந்தத் தட்டற சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. செட்டிங்ல ஏதாச்சும் மாத்தணுமா?"

"எதுவும் மாத்த வேணாம் சார். எங்க ஹால் சுவரு அப்படி" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.